சொல்லப்படாத விண்ணப்பம்

1

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்துக்குப் போன மாதம் ஐந்து வயது நிறைந்தது. கொண்டாட ஒரு கேக் சொன்னோம். அதன் மேல் என்ன எழுதுவது என்று முடிவு செய்யவே கமிட்டி பல தடவை கூடியது. ‘கர்த்தர் நல்லவர்’ என்று எழுதினால் போதாதா என்று கேட்டேன். என் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் சாம்சன் சொன்ன ‘ஒரே குடும்பமாய் ஐந்து ஆண்டுகள்’ என்பது நிறைவேறியது. சாம்சன் எங்கள் செயலாளர். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். அவர் சொல்வது எப்போதும் நிறைவேறும்.

இங்கே அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊர் பேக்கரியில் இருக்கும் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து தெரியாதல்லவா, அதற்காக நான் போனேன். ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது என்ன பூ டிசைனா என்றாள். எங்கள் பாஷை என்றேன். என்ன அர்த்தம் என்றாள். ஒரே குடும்பம் என்று அர்த்தம் என்றேன். “ஹவ் ஸ்வீட்!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் முன்னால்தான் எனக்கு விஷயம் தெரிய வந்திருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்ன விஷயம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரிலிருந்து கடிதம் போடுகிற நீங்கள் எல்லோரும் தவறாமல் ஒன்று கேட்கிறீர்கள்: அமெரிக்காவில் தமிழ் ஆராதனை உண்டா? உண்டு. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு, ஓர் அமெரிக்க சபையின் பின்கட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில், மதுரை, சென்னை, யாழ்ப்பாணம் எல்லாம் அந்தக் கூடத்தில் உண்டு. பாட்டு, பிரசங்கம், ஜெபம், பிறகு பிரியாணி. முடிந்ததும் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து மசாலா வாசனையை வெளியே அனுப்ப வேண்டும் என்பது அந்தச் சபைக்காரர்கள் எங்களுக்குப் போட்ட ஒரே நிபந்தனை. அதை மட்டும் நாங்கள் மிகவும் பயபக்தியோடு செய்கிறோம்.

2

ஜெப நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

அமெரிக்க சபைகளில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் கஷ்டத்தை வெளியே சொல்ல விரும்பவில்லை, ஆனால் மற்றவர்கள் தனக்காக ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தால், கையை மட்டும் உயர்த்தி ‘அன்ஸ்போக்கன்’ என்பார். சொல்லப்படாத விண்ணப்பம். விவரம் கேட்கமாட்டார்கள். கடவுளுக்குத் தெரியும் என்று ஜெபித்துவிட்டு அடுத்தவரிடம் போவார்கள். நல்ல வழக்கம்தான். அங்கே எப்போதாவது ஒருவர் அப்படிக் கை தூக்குவார். மற்றவர்கள் மூட்டுவலி முதல் மகனின் குடிப்பழக்கம் வரை விலாவாரியாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வருடத்துக்கு முன் சாம்சன் அந்த வழக்கத்தை எங்கள் கூடத்துக்குக் கொண்டு வந்தார். எங்கள் மூத்தவரான தானியேல் அங்கிளுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. எங்கள் ஜனங்களுக்கோ அதைவிடப் பிடித்துப்போயிற்று. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஜெபமும் வாங்கிக்கொள்ளலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? இரண்டே மாதத்தில் கூடம் முழுக்க அன்ஸ்போக்கன் ஆகிவிட்டது.

இப்போது நடப்பது இது. “ஜெபக் குறிப்பு உள்ளவங்க கை உயர்த்துங்க” என்பார் அங்கிள். இருபது கைகள் எழும்பும். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “அன்ஸ்போக்கன்?” என்பார். தலை ஆடும். “ஸ்தோத்திரம்” என்பார். அடுத்த முகம். வாய் திறந்து சொல்லப்படுவது எல்லாம் நல்ல சேதி மட்டுமே. புது வீடு பதிவாகிறது, மகளுக்குப் பெரிய காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இதெல்லாம் ஜெபக் குறிப்பா, விளம்பரமா என்று என் கணவர் ஜெயசிங் என் காதில் கேட்பார். நான் அவர் தொடையைக் கிள்ளுவேன்.

தானியேல் அங்கிள் அறுபதுகளிலேயே இங்கு வந்தவர். விமான இன்ஜின்களை ஓடவிட்டுச் சோதிக்கும் இடத்தில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஐக்கியமே அவர் வீட்டு ஹாலில்தான், நாலு குடும்பத்தோடு தொடங்கியது. அப்போது ஆன்ட்டி உயிரோடு இருந்தார்கள். தரையில் உட்கார்ந்து, எல்லாரும் எல்லாவற்றையும் கொட்டுவோம். நடுவில் ஆன்ட்டி எழுந்துபோய்ப் பருப்புக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, “எதுல விட்டே, சொல்லு” என்பார்கள். ஆன்ட்டி போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

3

ஊர்ச் சபையைத் தூக்கிவைத்துப் பேசப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊர்ச் சபையின் லட்சணம் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் அப்பா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நான் எட்டாவது படிக்கும்போது தலைமை ஆசிரியரோடு ஏதோ வாக்குவாதம் ஆகி, அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் கோயிலில் மணி அடிக்கிறவரின் மனைவி ஒரு பெட்டி நிறைய அரிசி கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அழுதார்கள். அதே அம்மாள் அடுத்த தெருவில், “வாத்தியார் ஹெட்மாஸ்டரைக் கைநீட்டி அடிச்சிட்டாராம்” என்று சொல்லிக்கொண்டு போனது மறுநாள் தெரிந்தது. அம்மா அதற்கும் அழுதார்கள்.

அரிசியும் வம்பும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. வம்பு வேண்டாம் என்றுதான் நம்மில் பாதிப் பேர் விமானம் ஏறினோம். இங்கே வந்து வாசலை நன்றாகச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டோம். வம்பு வரவில்லை, உண்மைதான். அரிசியும் வரவில்லை. எனக்கு இதில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஒருவர்கூட இதை ஒரு நஷ்டம் என்று நினைப்பதாகத் தெரியவில்லை.

4

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு விழாவுக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம், என் மகள் ஷீலாவை அந்த அமெரிக்க சபையின் இளைஞர் கூட்டத்திலிருந்து காரில் கூட்டி வந்துகொண்டிருந்தேன். ஷீலாவுக்குப் பதினாலு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் எல்லாம் விளங்கும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். எங்கள் கூட்டத்துக்கு வா என்றால் தலைவலி வருகிறவளுக்கு, புதன்கிழமைக் கூட்டம் என்றால் ஹோம்வொர்க் எல்லாம் நாலு மணிக்கே முடிந்துவிடும்.

ஃப்ரீவேயில் ஏறியதும், “ஆனிவர்சரிக்கு நீயும் ப்ரியாவும் சேர்ந்து ஒரு பாட்டு பாடணும்மா, லிஸ்ட்ல போட்டாச்சு” என்றேன். ப்ரியா, செல்வினின் மகள். செல்வின்தான் எங்கள் பாட்டுக்காரர். தூத்துக்குடிப் பையன், அருமையான குரல். அவர் கீர்த்தனையை எடுத்தால் அந்தப் பின்கட்டுக் கூடமே கோயில் மாதிரி ஆகிவிடும்.

“ப்ரியா இஸ் மூவிங், மாம். டு டெக்ஸஸ்” என்றாள் ஷீலா.

“எதுக்கு?”

“ஹர் டேட் காட் லெய்ட் ஆஃப்.”

“எப்போ?”

“இன் த சம்மர்.”

அப்போது நவம்பர். என் கால் தானாக பிரேக்கின் மேல் போனது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். இந்த வருடம் சிப் கம்பெனிகளுக்குப் போதாத காலம், கூட்டம் கூட்டமாக அனுப்புகிறார்கள் என்று பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் செல்வின் ஒவ்வொரு மாதமும் முன்னால் நின்று பாடினாரே! ஜெப நேரத்தில் கை தூக்கினாரே! நானும்தான் தூக்கினேன், அவருக்குப் பக்கத்து வரிசையில்.

“உனக்கு யார் சொன்னா?”

ப்ரியாவே சொன்னாளாம். ஜூலையிலேயே, இளைஞர் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது, என் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொல்லி அழுதாளாம். அந்த வாரமே அமெரிக்கக் குடும்பங்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார்கள். “எவ்ரிபடி நோஸ்” என்றாள் என் மகள். அவளுடைய ‘எவ்ரிபடி’யில் நாங்கள் யாரும் இல்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா ஷீலா?”

“யூ கைஸ் நெவர் ஆஸ்க். யூ ஜஸ்ட் ரெய்ஸ் யுவர் ஹேண்ட்ஸ்.”

கொஞ்ச தூரம் போனதும் அவளே இன்னொன்றும் சொன்னாள். ஆண்டு விழாவுக்கு வருவாளாம், பாட்டியிடம் கொடுத்த வாக்குக்காகப் பட்டுப்பாவாடையும் கட்டுவாளாம். அதற்கப்புறம் எங்கள் கூட்டத்துக்கு வரமாட்டாளாம். எதற்கு என்றேன். “இட்ஸ் ஃபேக், மாம்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

5

மறுநாள் வேலை முடிந்து நேரே செல்வின் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். அவருடைய மனைவி ஜெஸ்ஸி கதவைத் திறந்தாள். ஹாலில் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

“தெரிஞ்சிருச்சாக்கா?” என்றாள். “உள்ள வாங்க. உக்கார இடந்தான் இல்ல.”

அடுப்படியில் நின்றுகொண்டே பேசினோம். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். ட்யூனா மீன், நூடுல்ஸ், சீஸ் எல்லாம் போட்டு ஓவனில் வேகவைத்த கேசரோல் கண்ணாடிப் பாத்திரங்களில் அடுக்கடுக்காக இருந்தது.

“இந்த வெள்ளைக்காரங்க தங்கமானவங்கக்கா. வாரம் தவறாம கொண்டுவந்து வச்சிட்டுப் போறாங்க. ப்ரியா நல்லா சாப்பிடுறா. அவரு ரெண்டு வாய்க்கு மேல இறங்கலைன்னு எந்திரிச்சிடுவாரு. நான் மேல மிளகாய்ப் பொடி தூவி முழுங்கிருவேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “குறை சொல்லக் கூடாது. ஆனா ஒரே ஒரு நாள், யாராவது ஒரு டம்ளர் ரசம் கொண்டுவரமாட்டாங்களான்னு இருந்ததுக்கா.”

எனக்குக் கோபம்தான் வந்தது.

“பத்து நிமிஷ தூரத்துல இருக்கேனே ஜெஸ்ஸி. ஒரு போன் பண்ணியிருக்கலாமே!”

“பண்ணி? நீங்க வந்திருப்பீங்க, அது எனக்குத் தெரியும். மத்தவங்க? அவருக்கு வேலை போனது தெரிஞ்சா அடுத்த மாசம் கூட்டத்துக்குச் சமைச்சுக் கொண்டுவர்ற டர்ன் எங்களுக்குப் போடலாமா வேண்டாமான்னு கமிட்டில பேசுவாங்க. பிள்ளைங்க படிக்கலைன்னா செல்வின் அங்கிளைப் பாருன்னு வீட்டுல எடுத்துச் சொல்வாங்க. எங்க முகத்தைப் பார்த்து நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள பிரியாணி எடுக்கப் போயிருவாங்க. அதுக்கு அன்ஸ்போக்கனே மேல் இல்லையா?”

செல்வின் உள்ளே இருந்து வந்தார். ஆள் இளைத்திருந்தார். மாதாமாதம் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்! கோட்டும் டையும் போட்டுக்கொண்டு முன்னால் நிற்கிறவர் இளைத்ததை யார் கவனித்தது?

வேலையில்லாதோர் அலுவலகத்துக் கதையை அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். முதல் நாள் காலை முழுக்க அங்கே காத்திருந்தாராம். கவுண்டரில் இருந்த பெண் ‘மிஸ்டர் ஞானமுத்து’ என்பதை எப்படி எப்படியோ உருட்டிக் கூப்பிட்டாளாம். இவருக்கு உறைக்கவே இல்லை. ஞானமுத்து அவருடைய அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் அதுதான் கடைசிப் பெயராக விழுந்திருக்கிறது. முறை தவறிப்போய் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாராம்.

“எங்கப்பா ஹார்பர்ல நாப்பது வருஷம் ஒரு நாள் லீவு போடாம வேலை பார்த்தவருக்கா. அவரு பேரை அந்த ஆபீஸ்ல கூப்பிட்டா நான் எப்படித் திரும்புவேன்?” என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

டாலஸ் பக்கம் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டிருக்கிறது. சம்பளம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வாடகை லாரியில் சாமான் ஏற்ற வேண்டும், விடிந்ததும் கிளம்ப வேண்டும். அதாவது எங்கள் ஆண்டு விழா அன்றைக்கே, விழா முடிந்த கையோடு.

“நான் இதைக் கூட்டத்துல சொல்லலாமா செல்வின்?”

அவர் ஜெஸ்ஸியைப் பார்த்தார். “சொல்லுங்கக்கா. லாரி வாசல்ல வந்து நிக்கப்போகுது, இனி என்னத்த மறைக்க? நாலு ஆம்பிளைங்க வந்து ஃப்ரிட்ஜைத் தூக்கிவிட்டாப் போதும்.”

6

முதலில் சாம்சனுக்குப் போன் பண்ணினேன்.

“சிஸ்டர், அவரு நம்மகிட்ட டைரக்டா சொல்லாம நாம எப்படி இன்டர்ஃபியர் பண்றது? திஸ் இஸ் அமெரிக்கா. பிரைவசின்னு ஒண்ணு இருக்கு.”

“அவரே சொல்லச் சொல்லிட்டாரு.”

“ஓகே, ஓகே. ஆனா ஆனிவர்சரி அன்னைக்கு வேண்டாமே. வீடியோ எல்லாம் எடுக்குறோம். எல்லாருக்கும் மூட் அவுட் ஆயிடும். வீ வில் டெஃபனட்லி ப்ரே.”

புதுக் கார் வாங்கியபோது அதன் விலையை வீடு வீடாகப் போன் போட்டுச் சொன்ன மனிதர் எனக்குப் பிரைவசி பற்றி வகுப்பெடுத்தார். போனை வைத்துவிட்டேன்.

தானியேல் அங்கிளுக்குப் போன் அடித்தால் எப்போதும் ஆன்ஸரிங் மெஷின்தான் பேசும். இப்போதெல்லாம் அவர் போனையே எடுப்பதில்லை. அதனால் நேரில் போனேன். டி.வி. தெருவரைக்கும் அலறிக்கொண்டிருந்தது. காலிங் பெல்லை அடித்து அடித்து விரல் ஓய்ந்து, கடைசியில் ஜன்னலைத் தட்டினேன். வந்து கதவைத் திறந்து, வாம்மா வாம்மா என்று சந்தோஷமாக உட்காரவைத்தார். ஆன்ட்டியின் படம் வைத்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது, கேசரோல், ரசம், லாரி எல்லாம். சொல்லும்போது என் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

“ஸ்தோத்திரம்” என்றார் அங்கிள், முகமெல்லாம் மலர்ச்சியாக. “ஸ்தோத்திரம். கர்த்தர் நடத்துவாரும்மா. காப்பி குடிக்கிறியா?”

ஒருவனுடைய பிழைப்பு போனதைச் சொன்னால் ஸ்தோத்திரமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பி வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். சாம்சனையாவது புரிந்துகொள்ளலாம். இவரும் இப்படி ஆகிவிட்டாரே, பதவியில் இருப்பவர்களுக்கு மனம் மரத்துப்போய்விடுகிறது போலிருக்கிறது என்று வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன். ஜெயசிங்கிடமும் அதையே சொன்னேன். “அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லையே” என்றார். அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

7

விழா அமோகமாக நடந்தது. பட்டுச்சேலைகள், மல்லிகைக்குப் பதில் தலையில் துணிப்பூ, முக்காலியின் மேல் வீடியோ காமிரா. செல்வின் இல்லாததால் பாட்டை கேசட்டில் போட்டார்கள். யாரோ, “செல்வின் எங்கே, ஊர்ல இல்லையா?” என்று கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஜெப நேரம் வந்தது. கைகள் எழுந்தன. என் முறை வந்தபோது அங்கிள் என் முகத்தைப் பார்த்து, “அன்ஸ்போக்கன்?” என்றார். நான் எழுந்து நின்றேன்.

“இல்ல. நான் சொல்லணும். செல்வினுக்கு வேலை போய் நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க வீட்டுல லாரி ஏத்துறாங்க. நாளைக்கு டெக்ஸஸ் போறாங்க. எனக்கு யாரும் ஜெபம் பண்ண வேண்டாம். சாமான் தூக்க ஆள் வேணும். பத்து நிமிஷ டிரைவ்.”

வீடியோக்காரர் காமிராவை கேக்கின் பக்கம் திருப்பினார். நான் தானியேல் அங்கிளைப் பார்த்தேன். அவர் என் முகத்தைக் கனிவாகப் பார்த்து, “ஸ்தோத்திரம்” என்றார். அடுத்த முகத்துக்குப் போனார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஷீலா பட்டுப்பாவாடையில் நேராக உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை, அதற்குத் தேவையும் இல்லை.

லாரி ஏற்ற எங்கள் ஐக்கியத்திலிருந்து வந்தவர்கள் ஜெயசிங், நான், டியூட்டிக்குப் போகிற வழியில் வெள்ளைச் சீருடையோடு இறங்கிய ஒரு நர்ஸ். அவ்வளவுதான். ஃப்ரிட்ஜைத் தூக்கியது இளைஞர் கூட்டத்தை நடத்தும் அமெரிக்கனும், அவன் பிக்கப்பில் ஏற்றிவந்த பிள்ளைகளும். ஷீலா விழா முடிந்ததும் ஜீன்ஸுக்கு மாறி அவர்களோடு வந்துவிட்டாள். அவளும் ப்ரியாவும் ஒரு மெத்தையின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் படி இறங்கினார்கள்.

கேக்கில் ஒரு துண்டு கொண்டுபோகச் சொன்னார்கள். நான் கொண்டுபோகவில்லை. அந்த எழுத்தை அந்த வீட்டுக்குள் எடுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. காலையிலேயே ரசம் வைத்து ஃப்ளாஸ்கில் ஊற்றியிருந்தேன். பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால் செல்வின் பேப்பர் கப்பில் நின்றுகொண்டே குடித்தார். “பூண்டு தூக்கலா இருக்குக்கா” என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஜெஸ்ஸி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நாங்கள் வீடு திரும்பியதும் டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது. “லாரி கிளம்பிருச்சா சிஸ்டர்? பட்டுச்சேலை கட்டியிருந்தேன், மாத்திட்டு வர்றதுக்குள்ள லேட்டாயிருச்சு.” “இவருக்கு முதுகுப் பிடிப்பு, இல்லாட்டி வந்திருப்போம்.” முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு பெட்டி தூக்கிய என் கணவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். எல்லாரும் முடிவில் ஒன்றுபோல ஒரு வார்த்தை சொன்னார்கள்: ஜெபித்துக்கொண்டுதான் இருந்தோம்.

8

நேற்று இந்த மாதக் கூட்டம். ஷீலா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவளை வீட்டில் தனியாக விட முடியாது என்று கூட்டி வந்தேன், காரை விட்டு இறங்கமாட்டேன் என்று முன் ஸீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் தொடங்கும் நேரம். தானியேல் அங்கிள் எழுந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “செல்வின் எங்கே? அவரே முதல் பாட்டை எடுத்தா நல்லா இருக்குமே” என்றார்.

சாம்சன் ஷூவைப் பார்த்தார். எனக்குள் ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது.

“அங்கிள்!” என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாகப் பெரியவர்களிடம் நான் பேசியதே இல்லை. “செல்வின் டெக்ஸஸ் போயாச்சு! உங்க வீட்டுக்கே வந்து சொன்னேன். இங்கே எந்திரிச்சு நின்னு சொன்னேன். ரெண்டு தடவையும் நீங்க ஸ்தோத்திரம்னீங்க!”

அவர் என் வாயையே பார்த்தார். முகம் மெல்ல மாறியது. கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

“எனக்குக் காது கேக்கலம்மா” என்றார். “ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்ஜின் சத்தத்துல போனதுன்னு டாக்டர் சொல்றாரு. அவ இருந்திருந்தா முதல்லயே கண்டுபிடிச்சிருப்பா. வீட்டுல பேச ஆள் இல்ல, அதனால எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சது. சொல்ல வெக்கமா இருந்தது. ஸ்தோத்திரம்னு சொன்னா யாருக்கும் கோபம் வர்றதில்ல. இந்த அன்ஸ்போக்கன் வந்ததும் நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். முகத்தைப் பார்த்தாப் போதுமே.” பிறகு, “செல்வினுக்கு என்ன ஆச்சு?” என்றார்.

சாம்சன் உடனே எழுந்து, “அங்கிளோட செவிகளுக்காக நாம எல்லாரும் ஒரு நிமிஷம் ஜெபிப்போம்” என்றார். தலைகள் மளமளவென்று குனிந்தன. கண் மூடிக்கொள்வதில் எங்களுக்கு இருக்கும் வேகம் வேறு எதிலும் கிடையாது.

“சாம்சன், உக்காருங்க” என்றேன். என் இரும்பு நாற்காலியைக் கரகரவென்று இழுத்துக்கொண்டு முன்னால் போனேன். “எந்தக் காது கொஞ்சமாவது கேக்கும் அங்கிள்?” என்று என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் இடது காதைத் தொட்டார். அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, செல்வின் கதையை முதலிலிருந்து சொன்னேன். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. ரசம் வரைக்கும் சொன்னேன். அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்கு என்னம்மா? நீயும் மாசா மாசம் கை தூக்குவியே?” என்றார்.

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. போனால் போகட்டும் என்று அவர் காதில் கத்தினேன். “என் மக இனிமே இங்க வரமாட்டாளாம் அங்கிள்! இது எல்லாம் பொய்யாம்!”

ஸ்தோத்திரம் வரும் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். வரவில்லை.

“ஏன்?” என்றார். “ஏன் அப்படிச் சொல்றா?”

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அவ எங்கே இருக்கா?”

“கார்ல.”

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கூடத்துக் கண்ணாடிக் கதவு வழியாக எல்லாரும் பார்த்தோம். அவர் பார்க்கிங் லாட்டைக் கடந்துபோய்க் காரின் ஜன்னலைத் தட்டினார். ஷீலா புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். அவர் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு இடது காதைத் தொட்டுக் காட்டி, தலையை அவள் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டி, அவர் காதில் பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டி ஆட்டி, வெகு நேரம், உரக்கப் பேசினாள். அவர் குனிந்தபடியே நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்கள் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.